பட்டியலில் இடம்பெறாத மூவர்: கொல்கத்தா ஜாஸ் இசையின் கதை

புது தில்லி: 1988 ஆகஸ்ட் 15. செங்கோட்டையில் பிரதமர் ராஜீவ் காந்தியின் சுதந்திர தின உரை முடிந்ததும் தூர்தர்ஷனில் ஒரு பாடல் ஒளிபரப்பானது. "மிலே சுர் மேரா துமாரா" என்ற அந்தப் பாடல், பீம்சேன் ஜோஷியின் குரலில் இந்துஸ்தானி பைரவி ராகத்தில் தொடங்கி, மாநிலம் மாநிலமாகப் பயணம் செய்தது. தமிழ் வரியை பாலமுரளிகிருஷ்ணா பாடினார். தேசிய கீதத்துக்கு அடுத்தபடியாக ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்த பாடல் அதுதான் என்றால் மிகையாகாது.

அந்தப் பாடலில் 14 மொழிகள் இடம்பெற்றன. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அன்று இருந்த மொழிகள் 15. சம்ஸ்கிருதம் நீங்கலாக மற்ற அனைத்துக்கும் பாடலில் ஒரு வரியேனும் கிடைத்தது. அட்டவணையில் இல்லாத மொழிகளுக்கு இடமில்லை. ஒருமைப்பாட்டுப் பாடல் என்பதால், அதிகாரபூர்வமான பட்டியலே அளவுகோலாக அமைந்ததில் வியப்பில்லை.

ஆனால், ஒரு வியப்பு உண்டு. அசோக் பட்கியுடன் இணைந்து அந்தப் பாடலின் இசைக்கு உருவம் கொடுத்தவர் லூயிஸ் பேங்க்ஸ். டார்ஜிலிங்கில் பிறந்தவர், நேபாளி பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 14 மொழிகளை இசையால் கோத்தவரின் தாய்மொழி அந்தப் பதினான்கில் இல்லை. அது எட்டாவது அட்டவணையிலும் அன்று இல்லை.

லூயிஸ் பேங்க்ஸின் இசை வாழ்க்கை தேசபக்திப் பாடலில் தொடங்கவில்லை. கொல்கத்தாவின் பார்க் தெருவில் இருந்த "ப்ளூ ஃபாக்ஸ்" உணவகத்தின் மேடையில்தான் அவர் பெயர் பெற்றார். 1970-களில் அந்த மேடையில் அவர் பியானோ வாசித்தார். பிராஸ் கோன்சால்வெஸ் சாக்சஃபோன் வாசித்தார். பாம் கிரெய்ன் பாடினார். ஜாஸ் மரபில் மூவர் குழு என்றால் வழக்கமாக பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்று கருவிகளைக் குறிக்கும். ப்ளூ ஃபாக்ஸில் பேஸும் டிரம்ஸும் வாசிக்க வேறு கலைஞர்கள் இருந்தனர். என்றாலும், கொல்கத்தா ரசிகர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்வது இந்த மூவரைத்தான்.

மூவரும் மூன்று திசைகளிலிருந்து வந்தவர்கள். அவர்களது இசைப் பின்னணியைப் பார்த்தால், ஜாஸ் என்பது இந்தியாவுக்குச் சம்பந்தமில்லாத மேல்நாட்டு இசை என்ற எண்ணம் கேள்விக்குள்ளாகும். அவர்களுக்கும் அவர்களது இசைக்கும் நேர்ந்ததைப் பார்த்தால், சட்டப் புத்தகத்தின் பட்டியல்கள் ஒரு கலையை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதும் புரியும்.

மலையிலிருந்து வந்த பியானோ

லூயிஸ் பேங்க்ஸின் இயற்பெயர் டம்பர் பகதூர் புடாபிருத்தி. 1941-இல் பிறந்தவர். இசை அவரது குடும்பத்தில் பரம்பரைச் சொத்து. நேபாள மன்னராட்சிக் காலத்தின் தேசிய கீதத்துக்கு 1899-இல் மெட்டமைத்த பக்தவீர் புடாபிருத்தி இந்தக் குடும்பத்தின் முன்னோர். நேபாளத்தில் மன்னராட்சிக்கு எதிரான எழுச்சி வென்ற பிறகு, 2007-இல் அந்தக் கீதம் கைவிடப்பட்டுப் புதிய கீதம் ஏற்கப்பட்டது.

தந்தை புஷ்கர் பகதூர் டிரம்பெட் கலைஞர். ஐரோப்பியர்கள் நிறைந்த இசைக்குழுக்களில் வேலை பார்ப்பதற்கு வசதியாக "ஜார்ஜ் பேங்க்ஸ்" என்று பெயரை மாற்றிக்கொண்டார். அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் நினைவாக மகனுக்கு லூயிஸ் என்று பெயர் சூட்டினார். வயிற்றுப் பிழைப்புக்காகப் பெயர் மாறிய குடும்பம் அது. ஆனால் இசை மாறவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வீட்டிலேயே வந்து சேர்ந்தது. கிதாரும் டிரம்பெட்டும் கற்ற லூயிஸ், பிறகு பியானோவுக்குத் திரும்பினார். காட்மாண்டுவில் தந்தையின் குழுவில் வாசித்துவிட்டு கொல்கத்தா வந்து சேர்ந்தார்.

கடலோரத்துச் சாக்சஃபோன்

பிராஸ் கோன்சால்வெஸ் கோவாவின் நேவுரா கிராமத்தைச் சேர்ந்தவர். 1930-களில் அவர் பிறந்தபோது கோவா போர்ச்சுகீசிய ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் நுழையும் வரை அந்த நிலை நீடித்தது.

போர்ச்சுகீசியர் கோவாவில் தொழிற்சாலைகளைக் கட்டவில்லை. ஆனால், ஊர்தோறும் மாதா கோயிலை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. வழிபாட்டில் பாடுவதற்காகச் சிறுவர்களுக்கு அங்கே சுரம் எழுதவும், எழுதிய சுரத்தைப் பார்த்துப் பாடவும், வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தனர். படிப்பு முடித்த இளைஞர்களுக்கு ஊரில் வேலை இல்லை. கையில் இருந்த ஒரே தொழில் இசை. எனவே பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் அவர்கள் சென்றனர். பம்பாயில் ஒவ்வொரு கோவா கிராமத்துக்கும் "குட்" எனப்படும் தங்கும் விடுதி இருந்தது. ஊரிலிருந்து வருபவர் அங்கே பெட்டியை வைத்துவிட்டு வேலை தேடுவார்.

இசைக்குறிப்பைப் பார்த்து உடனே வாசிக்கத் தெரிந்த இவர்களை நம்பித்தான் ஹிந்தித் திரைப்படங்களின் பெரிய வாத்தியக் குழுக்கள் உருவாயின. ராகத்தில் மெட்டமைத்த இசையமைப்பாளரின் கற்பனையை 40, 50 கருவிகளுக்கு எழுதிப் பிரித்துக் கொடுக்கும் பணியைச் செபாஸ்டியன் டிசோசா, ஆன்டனி கோன்சால்வெஸ் போன்ற கோவா கலைஞர்கள் செய்தனர். 1977-இல் வெளிவந்த "அமர் அக்பர் ஆன்டனி" படத்தில் அமிதாப் பச்சன் பாடி ஆடும் பாடலில் வரும் பெயர் இந்த ஆன்டனியுடையதே. இசையமைப்பாளர் பியாரேலால் தமக்கு வயலின் கற்பித்த ஆசிரியருக்குச் செலுத்திய மரியாதை அது.

"சிக் சாக்லேட்" என்று அழைக்கப்பட்ட டிரம்பெட் கலைஞர் அன்டோனியோ சேவியர் வாஸும் கோவாவைச் சேர்ந்தவர்தான். "இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்" என்று புகழப்பட்ட அவர், 1951-இல் வந்த "அல்பேலா" படத்தில் தம் குழுவுடன் திரையிலும் தோன்றினார். அவருடைய மருமகன்தான் பிராஸ் கோன்சால்வெஸ்.

ஜாஸ் இசையில் இந்திய ராகத்தைச் சாக்சஃபோனில் வாசித்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் பிராஸ். 1970-இல் அவரது குழு வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே "ராகா ராக்". தமிழக ரசிகர்களுக்குச் சாக்சஃபோன் என்றதும் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். மங்களூரை அடுத்த பகுதியிலிருந்து வந்த அவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் அந்தக் கருவியைக் கண்டு, கர்நாடக இசைக்கு வசப்படுத்தினார். ஒருவர் கீர்த்தனையைச் சாக்சஃபோனுக்குக் கொண்டுவந்தார். மற்றவர் ஜாஸுக்குள் ராகத்தைக் கொண்டுவந்தார்.

கல்கத்தாவின் குரல்

பாம் கிரெய்ன் ஆங்கிலோ இந்தியப் பாடகி. 1950-களில் பார்க் தெருவின் "மொகாம்போ" உணவகத்தில் பாடத் தொடங்கினார். பின்னர் ப்ளூ ஃபாக்ஸ் மேடையின் முகமாகவே ஆனார். பார்க் தெருவின் முதல் பெண்மணி என்று பத்திரிகைகள் அவரைக் குறிப்பிட்டன.

அவருக்கு முன்பே கல்கத்தாவில் ஜாஸ் வேரூன்றியிருந்தது. 1935-இல் லியோன் அபே என்ற கறுப்பின அமெரிக்கக் கலைஞரின் குழு பம்பாய் தாஜ் ஹோட்டலில் வாசித்தது. டெடி வெதர்ஃபோர்டு என்ற கறுப்பின அமெரிக்க பியானோ கலைஞர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தினார். சொந்த நாட்டின் நிறவெறியிலிருந்து விலகி ஆசியாவில் வாழ்ந்த அவர், 1945-இல் கல்கத்தாவிலேயே காலராவுக்குப் பலியானார். அவருடன் வாசித்த கோவா, ஆங்கிலோ இந்திய, நேபாளிக் கலைஞர்கள் அந்த இசையைத் தொடர்ந்தனர்.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசே ஜாஸ் இசையைத் தூதாக அனுப்பியது. டேவ் புருபெக்கின் குழு 1958-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. டியூக் எலிங்டனின் குழு 1963-இல் வந்தது. சொந்த நாட்டில் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை மறுக்கப்பட்ட அதே ஆண்டுகளில், அவர்களது இசையைச் சுதந்திரத்தின் அடையாளமாக அந்நாடு காட்டியது என்பது வரலாற்று முரண்.

சம்பளம் வாங்கி வாசித்த பார்க் தெருக் கலைஞர்களுக்கு இந்த அரசியல் புதிதாக இருந்திருக்கலாம், இசை புதிதல்ல. ஜாஸ் இசையில் முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டை விரித்துத் தம் கற்பனையைக் காட்டுவார்கள். முடிவில் மீண்டும் மெட்டில் வந்து சேர்வார்கள். கச்சேரியில் நிரவலும் கற்பனை சுரமும் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. நம் இசையில் ஒரே ஆதார சுருதியின் மீது ராகம் விரியும். அங்கே அடித்தளமாக ஒலிக்கும் சுரக் கூட்டுகள் சில நொடிகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்துக்கு இசைந்து அந்தக் கணமே புதிதாக வாசிக்க வேண்டும். முறை வேறு என்றாலும், மனோதர்மம் இரண்டுக்கும் பொது.

வரி விதித்த பட்டியல்

எட்டாவது அட்டவணையில் இந்தக் கலைஞர்களின் மொழிக்கு இடம் கிடைக்கவில்லை என்றாலும், ஏழாவது அட்டவணையில் அவர்களது தொழிலுக்கு ஓர் இடம் இருந்தது. மத்திய, மாநில அரசுகளின் அதிகாரங்களைப் பிரிக்கும் அந்த அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 62-ஆவது இனம் ஆடம்பரங்கள், கேளிக்கைகள், பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றின் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. இசை அங்கே சூதாட்டத்துடன் ஒரே வரியில் இருந்தது.

வங்கத்தில் கேளிக்கை வரி ஆங்கிலேயர் காலத்திலேயே, 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்துவிட்டது. உணவகங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளைக் குறிவைத்து, ஹோட்டல்கள், உணவகங்களுக்கான கேளிக்கை மற்றும் ஆடம்பர வரிச் சட்டத்தை மேற்கு வங்கம் 1972-இல் இயற்றியது. பார்க் தெருவின் இசையை இடதுசாரிகள் அழித்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. ஆனால், இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது 1977-இல்தான். 1972 மார்ச் முதல் மாநிலத்தை ஆண்டது சித்தார்த்த சங்கர் ராய் தலைமையிலான காங்கிரஸ். வரி வசூலில் கட்சி வேறுபாடு இருக்கவில்லை. ஆடம்பரம் என்று ஒரு முறை பெயரிடப்பட்டதைக் காப்பாற்ற எந்தக் கட்சியும் முன்வரவில்லை என்பதே உண்மை.

வரி மட்டுமே காரணம் என்று கூறிவிடவும் முடியாது. நக்சல்பாரி இயக்கமும் அதை ஒடுக்கிய போலீஸ் நடவடிக்கைகளும் நகரின் இரவு வாழ்க்கையை முடக்கின. மின்வெட்டு நிரந்தரமானது. நிறுவனங்கள் தலைமை அலுவலகங்களை வேறு நகரங்களுக்கு மாற்றின. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் புறப்பட்டன. மேடையில் குழு வாசித்தால் வரி. ஒலிநாடாவைப் போட்டால் செலவு குறைவு. உணவக உரிமையாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து ஒவ்வொருவராகக் குழுக்களை நிறுத்தினர்.

பிரிந்த மூவர்

ப்ளூ ஃபாக்ஸில் லூயிஸ் பேங்க்ஸின் வாசிப்பைக் கேட்ட ஆர்.டி. பர்மன் அவரை பம்பாய்க்கு அழைத்தார். 1977-இல் வெளிவந்த "முக்தி" படத்துக்காக அங்கு வாசித்த அவர், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பம்பாய்வாசியாகிவிட்டார். திரைப்படமும் விளம்பரமும் வருமானம் தந்தன. 1978-இல் நிரஞ்சன் ஜவேரியின் முயற்சியில் பம்பாயில் "ஜாஸ் யாத்ரா" விழா தொடங்கியதால் மேடையும் கிடைத்தது. 1980-ஆம் ஆண்டு விழாவில்தான் அமெரிக்கச் சாக்சஃபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பைக் கேட்டுத் தாமும் சேர்ந்து வாசிக்க விரும்பி மேடையேறினார். பெங்களூரைச் சேர்ந்த கர்நாடக இசைப் பாடகி ரமாமணியுடன் இணைந்து லூயிஸ் பேங்க்ஸ் நடத்திய இசைச் சோதனைகள் வெளிநாட்டு ரசிகர்களையும் எட்டின.

2009 பிப்ரவரியில் வழங்கப்பட்ட கிராமி விருதுகளில், நவீன ஜாஸ் பிரிவில் போட்டியிட்ட ஐந்து தொகுப்புகளில் இரண்டில் அவரது வாசிப்பு இருந்தது. ஒன்று "மைல்ஸ் ஃப்ரம் இண்டியா". மற்றொன்று ஜான் மெக்லாக்ளின் சென்னையில் ஒலிப்பதிவு செய்த "ஃப்ளோட்டிங் பாயின்ட்". விருது வேறொரு தொகுப்புக்குச் சென்றது.

பிராஸ் கோன்சால்வெஸும் கொல்கத்தாவை விட்டுச் சென்றார். பம்பாயில் வாசித்துவந்த அவர், பிற்காலத்தில் மேடையிலிருந்து விலகி, இறை வழிபாட்டுப் பாடல்களில் ஈடுபாடு கொண்டு கோவாவுக்குத் திரும்பினார். மாதா கோயில் பள்ளியில் தொடங்கிய இசை மரபு ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது எனலாம்.

பாம் கிரெய்ன் மட்டும் கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். இவர்களுடன் வாசித்த, பெங்களூரில் பிறந்த கிதார் கலைஞர் கார்ல்டன் கிட்டோவும் நகரை விட்டுப் போகவில்லை. கல்கத்தா இசைப் பள்ளியில் மாணவர்களுக்குக் கற்பித்தே வாழ்ந்தார். பாம் கிரெய்ன் 2013 ஆகஸ்டிலும், கிட்டோ 2016 நவம்பரிலும் காலமாயினர்.

நாடாளுமன்றம் திருத்திய பட்டியல்கள்

"மிலே சுர்" ஒளிபரப்பான ஒரு வாரத்தில், 1988 ஆகஸ்ட் 22-இல், டார்ஜிலிங் கூர்க்கா மலை கவுன்சில் அமைப்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. நேபாளி பேசும் மக்கள் தனி மாநிலம் கோரி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடத்திய போராட்டத்தின் விளைவு அது. தாங்கள் வெளிநாட்டினர் அல்லர், இந்தியக் குடிமக்களே என்று நிரூபிக்கும் ஆவேசம் அந்தப் போராட்டத்தில் இருந்தது. தில்லியில் ஒருமைப்பாட்டுப் பாடலை ரசித்தவர்களில் எத்தனை பேர், அதன் இசைக்குப் பின்னால் இருந்தவர் அதே டார்ஜிலிங்கைச் சேர்ந்தவர் என்பதை அறிந்திருப்பார்கள்?

நான்கு ஆண்டுகள் கழித்து, 1992-இல், அரசியல் சட்டத்தின் 71-ஆவது திருத்தம் எட்டாவது அட்டவணையில் மூன்று மொழிகளைச் சேர்த்தது. நேபாளி, கொங்கணி, மணிப்புரி. லூயிஸ் பேங்க்ஸின் மொழியும் பிராஸ் கோன்சால்வெஸின் மண்ணின் மொழியும் ஒரே திருத்தத்தில் பட்டியலுக்குள் வந்தன.

பாம் கிரெய்னின் சமூகத்துக்கு நேர்ந்தது நேர் எதிரானது. ஆங்கிலோ இந்தியர்களுக்காக மக்களவையில் இரண்டு நியமன உறுப்பினர்கள் இருக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 331-ஆவது பிரிவு கூறியது. ஃபிராங்க் அந்தோணி போன்றவர்கள் அந்த வழியில்தான் அவைக்கு வந்தனர். 2019 டிசம்பரில் 104-ஆவது திருத்தம் விவாதிக்கப்பட்டபோது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆங்கிலோ இந்தியர்கள் 296 பேர் மட்டுமே என்று சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் தெரிவித்தார். அந்த எண்ணிக்கையை அந்தச் சமூகத்தின் அமைப்புகளும் எதிர்க்கட்சியினரும் ஏற்கவில்லை. எனினும் திருத்தம் நிறைவேறி, 2020 ஜனவரி 25 முதல் நியமன இடங்கள் முடிவுக்கு வந்தன.

கேளிக்கை வரியும் பழைய வடிவில் இன்று இல்லை. சரக்கு மற்றும் சேவை வரிக்கு வழிவகுத்த 101-ஆவது திருத்தம் மாநிலப் பட்டியலின் 62-ஆவது இனத்தைச் சுருக்கியது. 2017 ஜூலை 1-க்குப் பிறகு, உள்ளாட்சி அமைப்புகள் விதிக்கும் கேளிக்கை வரிக்கு மட்டுமே அங்கே இடம். பார்க் தெருவின் இசையை நெருக்கிய சட்ட வாசகம் திருத்தப்பட்டபோது, அதனால் பயன்பெற ப்ளூ ஃபாக்ஸ் இல்லை.

பார்க் தெருவுக்கே 2004-இல் அன்னை தெரசாவின் பெயர் சூட்டப்பட்டுவிட்டது. மொகாம்போவும், மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான உஷா உதுப் 1969-இல் பாட வந்த டிரிங்காஸும் இன்றும் இயங்குகின்றன. ஆனால், இரவுதோறும் மேடையில் கற்பனையாக வாசிக்கப்பட்ட அந்த இசையில் மிகச் சிறிய பகுதியே ஒலிப்பதிவில் எஞ்சியுள்ளது. இந்திய ஜாஸ் பற்றிச் சுஷீல் குரியன் எடுத்த ஆவணப்படமும், பத்திரிகையாளர் நரேஷ் பெர்னாண்டஸ் 2012-இல் வெளியிட்ட நூலும் தனிநபர் முயற்சிகள். எஞ்சியிருக்கும் ஒலிநாடாக்களையும் நினைவுகளையும் தேடிச் சேர்க்கும் பொறுப்பை, நாட்டின் இசைச் செல்வங்களைப் பாதுகாப்பதற்கென்றே அமைந்த அகாதெமிகளும் அகில இந்திய வானொலியும் ஏற்க வேண்டும். அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

சுதந்திர தினத்தில் எங்காவது அந்தப் பழைய பாடல் ஒலிக்கும்போது, பாடுபவர்களின் முகங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. அதில் பாடப்படாத நேபாளி மொழிக்காரர் ஒருவரின் கைவண்ணமும் அதில் உண்டு என்பதைத் தமிழ் வாசகர்கள் இனி நினைத்துக்கொள்ளலாம். மொழிப் பட்டியலில் இடம் என்பதன் பொருளை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.